ஊஞ்சல் கட்டாத வருசப் பிறப்பு

ஆகாயக் கப்பல் ஓட்டுகிறவனுக்குக் கீழே பெண்கள் பாடுகிற ஊஞ்சல் பாட்டுக் கேட்கும் என்று நான் நம்பினேன். அறியாத வயதில் அல்ல. மீசை வைத்து, கலியாணம் கட்டி, ஆள் வைத்து வெள்ளாமை செய்து, கோயில் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற வயதில். அந்த நாலு பேரும் என்ன விசரைச் சொல்லப்போகிறான் என்று பார்க்கத்தான் திரும்பினார்கள் என்பது பிறகு தெரிந்தது. அது வேறு விசயம்.

என் கணக்கு இப்படித்தான் ஓடியது. யுத்தம் கிட்ட வருகிறது, பொழுதுபட்டால் விளக்கு வெளியே தெரியக்கூடாது, மேலே போகிறவன் வெளிச்சத்தைப் பார்த்துக் குண்டு போடுவான் என்று ஊர்த் தலைமைக்காரர் விதானையார் ஆள் விட்டுச் சொன்னார். சரி. கீழே இருக்கிற கைவிளக்கின் வெளிச்சம் அவ்வளவு உயரம் போகுமென்றால், சத்தம் மட்டும் வேலிக்குள் கை கட்டிக்கொண்டு நிற்குமா? விளக்கை ஊதி அணைத்துவிட்டு உரத்துப் பாடுவது என்ன புத்தி? இதை ஊரில் ஒருத்தருமே யோசிக்கவில்லையே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். யோசித்த ஒரே ஆள் நான்தான் என்பதில் கொஞ்சம் பெருமையும்.

நான் உன்னிச்சைக் குளத்துப் பக்கத்து ஆள். அங்கே வயல் வட்டைக் காவலுக்குப் பரணில் இருக்கிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது வாயை அடக்கத்தான். கூட்டமாக வருகிற யானையைக் கத்திக் கலைக்கலாம். தனியன் யானை நிற்கிற பக்கம் இருமவும் கூடாது. கதிர்ச் சூடு மிதித்து நெல் பிரிக்கிற களவெட்டியிலும் அப்படித்தான். நெல்லை நெல்லென்று சொல்லமாட்டோம், ‘பொலி’ என்போம். பெயர் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கிற பூதம் அள்ளிக்கொண்டு போய்விடும். இப்படிக் காட்டுக்கும் பூதத்துக்கும் காது இருக்கிறதென்று பழகி வளர்ந்தவனுக்கு ஆகாயத்துக்கும் காது இருக்கும் என்று நினைக்க அதிக நேரம் செல்லவில்லை. ஆகாயக் கப்பல் எனக்கு மேலே போகிற தனியன்.

கலியாணம் முடித்துத் தேற்றாத்தீவுக்குப் பெண் வீட்டில் வந்து இருந்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல். அந்த மணலில் மாமி, என் மனைவி, அவளுடைய தங்கை என்று மூன்று பெண்கள். மாமா இறந்து கனகாலம். மூத்த பிள்ளை, ஒரே மகன், என் மச்சான், திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. கலியாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் அவரும் எங்கேயாவது ஒரு மாமி வீட்டில் என்னைப் போலத்தான் இருந்திருப்பார்.

சித்திரை வருசப் பிறப்புக்கு அந்த வீட்டில் ஒரு வழக்கம். வளவில் நின்ற புளியமரத்தில் ஊஞ்சல் கட்டுவார்கள். கயிற்றை அந்த வீட்டில் பிறந்த ஆண்தான் கட்டவேண்டும். வந்த மாப்பிள்ளை கட்டினால், வீட்டில் பிறந்த ஆண் ஒருத்தரும் உயிரோடு இல்லை என்று அர்த்தம். மாமா இருந்த காலத்திலும் அவர் அந்தக் கயிற்றைத் தொடவில்லையாம். மாமியின் அண்ணன்தான் வந்து கட்டுவாராம். அவருக்குப் பிறகு மச்சான். எந்தக் கரைச்சல் இருந்தாலும் வருசத்துக்கு முந்தின நாளாவது வந்துவிடுவார். கொப்பில் ஏறி முடிச்சுப் போட்டு, தான் முதலில் ஒரு தரம் ஆடிக் கயிற்றைச் சோதித்துவிட்டு இறங்குவார். பிறகு பெண்கள் இரண்டு பக்கமாக நின்று பாட்டை எடுப்பார்கள்.

*அண்ணன் கட்டின கயிறு*
*ஆகாசம் தொட்டுதடி*

ஒரு பக்கம் இப்படிப் பாட, மறுபக்கம் அதற்கு மேலே ஒரு அடி போடும். அயல் பெண்களும் வந்து சேர்ந்தால் பொழுதுபடும் வரை ஓயாது.

யுத்தம் தொடங்கிய பிறகு வந்த முதல் வருசப் பிறப்புக்கு மச்சான் ஒரு கிறாமபோன் வாங்கி வந்தார். பூவரசம் பூ விரிந்த மாதிரி அதற்கு ஒரு பெரிய பித்தளை வாய். கொண்டுவந்து புளியின் கீழே வைத்துக் கைபிடியைச் சுற்றினார். யாரோ ஒரு பெண் மூக்கால் பாடினாள்.

“இனி நீங்க தொண்டை கிழியக் கத்தத் தேவல்லகா. இவள் பாடுவாள், நீங்க ஆடுங்க” என்றார் மச்சான்.

மாமி பாக்கை வெட்டியபடி அந்தப் பித்தளை வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இவளுக்கு ஆருடா மனே கயிறு கட்டின?”

“ஆரும் கட்டல்ல. பெட்டிக்குள்ள இரிக்கிறாள்.”

“அப்ப இவள் என்னத்துக்கு ஆகாசத்தப் பாடுறாள்? பெட்டிக்குள்ளயே கிடக்கச் சொல்லு. என்ட புள்ளைகள் பாடட்டும்.”

“எம்மா, மட்டக்களப்பு ரவுணுக்குள்ள இப்ப பெரிய மனிசர் வீட்டில எல்லாம் இதுதான்.”

“அவங்கட புள்ளைகளுக்குத் தொண்டை இல்லையாக்கும்.”

நான் சிரித்தேன். மாமி முன்னே மருமகன் சத்தமாகச் சிரிப்பது அழகில்லை. ஆனால் எனக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் சிரிப்பு அது. கடைசியில் சமாதானம் ஆனது. காலையில் கிறாமபோன், பின்னேரம் பெண்கள். அடுத்த வருசம் மாமியே, “அந்த மூக்கால பாடுறவளைக் கொஞ்சம் விடு மனே” என்று கேட்டார். இப்படித்தான் அந்த வீட்டு வழக்கம் கொஞ்சங் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. கயிற்றுக்குரிய ஆள் மட்டும் மாறவில்லை.

நான் சொல்ல வருவது அதற்கடுத்த வருசத்தை. என் மனைவி நிறைமாதம். அதற்கு முன் இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. அந்த இரண்டு தரமும் நடந்ததை எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஆகையால் இந்தத் தரம் அவளைப் பூப்போல வைத்திருந்தோம். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “அண்ணன் எப்ப வாற?” கொடியில் சுருட்டித் தொங்கிய ஊஞ்சல் கயிற்றை அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பாள்.

வருசம் பிறக்கச் சில நாள் இருக்கையில், காலையில், கடல் பக்கம் இடித்தது. வானத்தில் ஒரு முகில் இல்லை. நான் வாவிக் கரையில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். கோயிலில் யாரோ வருசத்துக்கு முன்னமே வெடி கொளுத்துகிறான் என்று நினைத்து ஏசவும் செய்தேன். பிறகு தென்னைகளுக்கு மேலாக ஆகாயக் கப்பல்கள் கடல் பக்கம் போவது தெரிந்தது. வேப்பங்குச்சி வாயில் இருக்கவே ஓடினேன். வீட்டுக்கு ஓடியிருக்கவேண்டும். வீட்டைத் தாண்டி அடுத்த வளவு வரை ஓடிவிட்டேன். அங்கே அயல் மீன்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய வலைக்கு அடியில் புகுந்தேன்.

“மருமகப்புள்ள, அது மீனுக்குப் போடுற வலை. அவன் போடுற குண்டு வலைக்கண்ணுக்குள்ளால வந்திரும்” என்றார் அவர், கை நிறுத்தாமல்.

அன்றைக்குக் கடலில் ஒரு பெரிய கப்பல் மூழ்கித் தாண்டுபோனதென்று பின்னேரம் கேள்விப்பட்டோம். திருகோணமலையிலும் குண்டு போட்டிருக்கிறான் என்று அதற்குப் பிறகு வந்தது. அந்தச் சொல் வந்ததும் வீட்டில் ஒருத்தரும் ஒருத்தரையும் பார்க்கவில்லை.

நான் செய்த முதல் வேலை குழி தோண்டியது. எல்லாரும் பதுங்குவதற்கு. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் குழி தோண்டினால் என்ன வரும் என்று அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். உன்னிச்சைக்காரனுக்குத் தெரியவில்லை. இடுப்பளவு தோண்டுமுன் தண்ணீர் ஊறியது. நான் விடவில்லை. ஒரு தரம் எங்கேயோ லொறிச் சத்தம் கேட்க, எருமை போல அந்தத் தண்ணீருக்குள் மூக்கு மட்டும் தெரிய இருந்தேன். மைத்துனி வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கு நான்தான் மச்சான்.

“மச்சான், வைக்கல் போடவா?”

அவள் அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

வடக்கே இருந்து சனம் வரத் தொடங்கியது. மூட்டையோடும் கோழியோடும் பாயோடும் வீதியால் நடந்து வந்தார்கள். மைத்துனி படலையில் நின்று கண்டவரையெல்லாம் கேட்டாள். சிலர் தெரியாது என்றார்கள். சிலர், எல்லாரும் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள், காட்டு வழியால்தான் வருவார்கள் என்றார்கள். இந்த இரண்டாவது பேச்சை அவள் உள்ளே கொண்டுவந்து அக்காவுக்குச் சொல்வாள். காட்டு வழி என்றால் சுணங்கும், நாள் பிடிக்கும். சுணங்குகிறவன் வருவான். அப்படி அந்த வீட்டுக்குள் ஒரு கணக்கு நடந்தது. என் கணக்கைவிட அது ஒன்றும் பெரிய புத்தியில்லை. ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்க என்னாலும் முடியவில்லை.

வருசத்துக்கு முந்தின நாள் காலையில் காத்தான்குடிப் புடவைக்காரர் வந்தார். வருசா வருசம் வருகிற ஆள்தான். திருகோணமலைக்கும் புடவை கொண்டுபோவார். மச்சான் வீட்டுக்கு ஏதும் கொடுத்தனுப்பினால் அவர் கையில்தான் வரும். மாமிக்கும் அவருக்கும் நடக்கிற பேரம் எங்கள் வீட்டில் ஒரு கூத்து. அவர் இரண்டு தரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு படலை வரை போய்த் திரும்புவார். மாமி இரண்டு தரம் கதவைச் சாத்துவார்.

நான் குழியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தரம் மாமி முற்றத்துக்கு இறங்கிப் புளியின் கீழே போய் நின்று அவரோடு பேசினார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். பிறகு மாமி திரும்பி வந்து, இரண்டு சேலையும் எனக்கு ஒரு வேட்டியும் எடுத்தார்.

“என்ன தாறது?” என்றார் மாமி.

“நீங்க நினைச்சதைத் தாங்க தங்கச்சி. தராட்டியும் காரியமில்ல” என்றார் புடவைக்காரர்.

பேரம் இல்லை. படலை வரை போய்த் திரும்புகிற கூத்தும் இல்லை. மூட்டையை வளைத்துக் கட்டி, என் குழியைத் தாண்டும்போது என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போனவர், “அல்லாட காவல் மருமகன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மனுசனுக்கு என்னைவிடப் பயம் பிடித்திருக்கிறது, பேரம் பேசவும் நிற்காமல் ஓடுகிறார் என்று நான் நினைத்தேன். எனக்கு ஒரு துணை கிடைத்த சந்தோசம்.

அன்று மத்தியானம்தான் கதை முற்றியது. என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கயிற்றைக் கொடியிலிருந்து எடுத்தாள்.

“இஞ்சருங்க, நீங்க கட்டுங்க. அண்ணன் வாற நேரம் வரட்டும். வந்து பார்க்கக்குள்ள ஊஞ்சல் கட்டி, பாட்டுக் கேட்டாத்தான் அவருக்கும் சந்தோசம்.”

மைத்துனி கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கு விசராக்கா? அண்ணன் இரிக்கக்குள்ள மச்சான் கட்டுறதா? என்ன அர்த்தமெண்டு தெரியுமா உனக்கு?”

“அண்ணனுக்குப் பதிலா எண்டு வாயால சொல்லாமக் கட்டினாச் சரி.”

“கட்ட விடமாட்டன்.”

“அப்ப ஊஞ்சல் இல்லாத வீடாகவா கிடக்கிற? அதுக்கு என்ன அர்த்தம்? சொல்லு, அதுக்கு என்ன அர்த்தம்?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. கட்டினாலும் ஒரு அர்த்தம், கட்டாவிட்டாலும் அதே அர்த்தம். இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை. கயிறு என் நெஞ்சுக்கு நேரே விறைத்துக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து நான் என் ஆகாய ஞானத்தை எடுத்துவிட்டேன். இனிப் பாட்டே கூடாது என்றேன். மேலே போகிறவனுக்குக் கேட்கும், கேட்டால் சனம் கூடிய இடமென்று போடுவான் என்றேன். ஊஞ்சல் கட்டினால் பாட்டு வரும், பாட்டு வந்தால் குண்டு வரும் என்றேன். தனியன் யானையைச் சொன்னேன், களவெட்டிப் பூதத்தைச் சொன்னேன். கிறாமபோன் வாய்க்குள் நேற்றே தலையணையை அடைத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அதைச் சுற்றவே இல்லையே என்று மைத்துனி கேட்டாள். சுற்றாவிட்டாலும் அதை நம்பக்கூடாது என்றேன்.

இரண்டு பெண்களும் மாமியைப் பார்த்தார்கள். மாமி குசினி வாசலில் நின்றார். அவர் என்னை ஒரு பேச்சில் தூக்கி எறிவார் என்று நான் தயாராகவே இருந்தேன். மாமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து இரண்டு மகள்களின் கையிலிருந்தும் கயிற்றை வாங்கினார்.

“மருமகன் சொல்லுறதிலயும் ஞாயம் இரிக்கி. வயித்தில புள்ளையோட இரிக்கிறாய். இந்த வருசம் பாட்டும் வேணாம், ஊஞ்சலும் வேணாம். ஆகாயம் தெளிஞ்ச பொறகு அவன் வந்து கட்டட்டும்.”

கயிற்றைச் சுருட்டித் தன் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார்.

எனக்குத் தலை கால் தெரியவில்லை. அந்த வீட்டில் நான் சொல்லி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தரம். இடுப்பில் ஈர வேட்டியோடு அயல் வளவெல்லாம் போய் இதையே சொன்னேன். மீன்காரர் கேட்டுவிட்டு, “வாவியில மீன் பாடுதெண்டு சொல்லுறாங்களே. அதுகளுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்க மருமகப்புள்ள” என்றார். நான் கோபிக்கவில்லை. மாமியே ஏற்றுக்கொண்ட பிறகு இவர் ஆர்?

வருசம் பிறந்தது. குளிக்குமுன் வைக்கிற மூலிகை மருத்துநீரை வீட்டில் மூத்தவர்தான் எல்லாருக்கும் தலையில் வைப்பது. மாமி கை உளைகிறதென்று மைத்துனியை வைக்கச் சொன்னார். தன் தலைக்கு வைக்கவில்லை. கோயிலுக்கும் வரவில்லை, கால் நோகிறதாம். பயத்தை வெளியே காட்டாமல் நோவென்று சொல்கிறார், கெட்டிக்காரி என்று நினைத்து மெச்சினேன். புக்கை பொங்கினோம். பலகாரம் இருந்தது. அவர் வாயில் வைத்ததை நான் காணவில்லை. காணவேண்டும் என்று பார்க்கவும் இல்லை, என் கண் முழுக்க மேலே.

பின்னேரம், வழமையாகப் பாட்டு எடுக்கிற நேரம், ஊர் முழுக்கச் சத்தமில்லாமல் கிடந்தது. என் பிரசாரம் பலித்ததென்று நினைத்தேன். உண்மையில் பாதிப் பேர் வேறு ஊருக்கு ஓடியிருந்தார்கள். குசினிக்குப் பின்னால் அம்மியில் மாமி தனியே எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனேன். அம்மிச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். ஊஞ்சல் பாட்டின் அதே ராகம், ஆனால் இழுத்து இழுத்து, ஊஞ்சலே ஆட முடியாத வேகத்தில். *அண்ணன் கட்டின* என்ற இடத்துக்கு வந்து, அண்ணனை எடுத்துவிட்டு, *மகனே* என்று போட்டுப் பாடினார். அடியை முடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்தார். அம்மியில் ஒன்றுமே இல்லை. வெறும் கல்லைக் கல்லில் அரைத்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து, விரலை வாயில் வைத்து, “மாமி, மேல கேக்கும்” என்றேன்.

அவர் நிறுத்தினார். முந்தானையால் அம்மியைத் துடைத்தார். “ஓம் மருமகன். மறந்து போனன்” என்றார்.

பிள்ளை அடுத்த மாதம் பிறந்தது. ஆண். இந்தத் தரம் தங்கியது. பிள்ளைத் துடக்குக் கழித்த அன்று, மருத்துவிச்சி போன பிறகு, மாமி எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். பெட்டகத்தைத் திறந்து கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். நான் அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. என் மனைவி அழுது முடிந்து, குரல் வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?”

“புடவைக்காரர் வந்த அண்டு. உனக்குச் சொன்னா வயித்தில உள்ளதும் போயிரும். கயிறு கட்டிப் பாட விடவும் என்னால ஏலாது. என்னத்தச் சொல்லித் தடுக்கிற எண்டு தெரியாம நிண்டன். மருமகன்தான் வழி காட்டின.”

என் வாயைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கிறேன். அது அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை.

“அப்ப மாமி, ஆகாயக் கப்பலுக்குப் பாட்டுக் கேக்குமெண்டு நீங்க நம்பல்லையா?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாமி என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த சித்திரைக்கு மாமியே கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். பிள்ளை பிறந்த வீடு, ஊஞ்சல் இல்லாமல் இருக்கக்கூடாது என்றார். கொப்பில் ஏறினேன். என் முடிச்சு இறுகவில்லை. முதலில் ஆடிச் சோதித்த நான் மணலில் விழுந்தேன். மைத்துனி சிரித்தாள், உடனே அழுதாள். பெண்கள் பாடவில்லை. காலையிலும் பின்னேரமும் கிறாமபோன்தான் பாடியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் வழக்கம் அதுவாகிவிட்டது. கொப்பு மகன் கைக்கு எட்டுகிற காலம் வரும்வரை நானே கட்டினேன்.

நடந்தது இவ்வளவுதான். தேற்றாத்தீவில் ஒரு குண்டும் விழவில்லை. மச்சான் காட்டு வழியால் வரவில்லை. கடல் பக்கம் இடித்த அந்தக் காலையில் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவர் துறைமுகத்தில் வேலைக்கு நின்றார், அங்கேயே செத்துப்போனார். அன்றே மற்றவர்களோடு ஒரே குழியில் தாட்டார்கள். மண் போட்டவர்களில் புடவைக்காரரும் ஒருவர்.